ஒரே சர்க்யூட், வேற சத்தம்! கையால் செய்யும் வால்வு கிட்டார் ஆம்ப்களில் ‘டோன்’ எங்கிருந்து வருகிறது?

வீட்டு டிவியிலிருந்து வால்வு போய் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ரேடியோவிலிருந்து அதற்கும் முன்பே போய்விட்டது. இன்று கைக்குள் அடங்கும் போனில் கோடிக்கணக்கான ட்ரான்சிஸ்டர்கள் இருக்கின்றன. ஆனால் உலகம் முழுக்க எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் பலர் இன்னமும் கண்ணாடி வால்வுகள் எரியும் கனமான மரப்பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு மேடை ஏறுகிறார்கள்.

அதிலும் ஒரே ஆள் உட்கார்ந்து, ஒவ்வொரு ஒயரையும் கையால் பற்றவைத்துச் செய்த ஆம்ப் என்றால் விலை எங்கேயோ போகும். சில ஆம்ப்கள் 1 லட்சம் டாலரைத் தாண்டி விற்றிருக்கின்றன.

உள்ளே இருப்பது என்னவோ சில ரூபாய்க்குக் கிடைக்கும் ரெசிஸ்டரும் கண்டன்சரும்தான். அப்படியென்றால் காசு எதற்கு? கிட்டார்காரர்கள் ‘டோன்’ என்று சொல்லும் அந்தச் சத்தம் எங்கே உருவாகிறது? அதை எப்படி மாற்றுகிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

வால்வு என்ன செய்யும்?

அமெரிக்காவில் ‘ட்யூப்’ என்பார்கள். பிரிட்டனில் ‘வால்வு’. நம்ம ஊரில் அந்தக் கால ரேடியோவை ‘வால்வு ரேடியோ’ என்று சொன்னது பிரிட்டிஷ் வழக்கத்திலிருந்து வந்ததுதான்.

பெயரே வேலையைச் சொல்லிவிடும். தண்ணீர்க் குழாயில் வால்வை லேசாகத் திருப்பினால் பெரிய ஓட்டம் கூடும், குறையும். இங்கே தண்ணீருக்குப் பதில் எலக்ட்ரான்.

காற்றை வெளியே எடுத்த கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு கம்பியைச் சூடாக்குகிறார்கள். சூட்டில் எலக்ட்ரான்கள் கிளம்புகின்றன. எதிரே அதிக வோல்டேஜ் கொடுத்த ஒரு உலோகத் தகடு அவற்றை இழுக்கிறது. நடுவில் ஒரு சல்லடை, அதாவது ‘கிரிட்’. இந்தச் சல்லடையில் கிட்டாரிலிருந்து வரும் மிகச்சிறிய சிக்னலைக் கொடுத்தால், தகட்டுக்குப் போகும் பெரிய ஓட்டம் அதற்கேற்ப கூடிக் குறையும். சின்னது பெரிதாகிவிட்டது. இவ்வளவுதான் பெருக்கம்.

1906-ல் அமெரிக்காவின் லீ டி ஃபாரஸ்ட் உருவாக்கிய அமைப்பு இது. 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. பின் வந்த ஆண்டுகளில் வால்வு ஒவ்வொரு துறையாக வெளியேறியது. கிட்டார் ஆம்ப் மட்டும் அதை விடவில்லை.

குறையே சுவை ஆனது எப்படி?

காரணம் ஒரு ‘குறை’. நல்ல ஆம்ப்ளிஃபையர் என்றால் உள்ளே போவதை அப்படியே பெரிதாக்கி வெளியே தர வேண்டும். எதையும் சேர்க்கக் கூடாது. பாடல் கேட்கும் ஹை-ஃபை ஆம்புக்கு அதுதான் இலக்கணம்.

கிட்டார் ஆம்ப் அப்படியல்ல. வால்வுக்கு அதன் சக்திக்கு மேல் சிக்னல் கொடுத்தால், அலையின் உச்சி நசுங்கும். அந்த நசுங்கலில் புதிய ஸ்வரங்கள் பிறக்கும். கிட்டாரின் 5-வது தந்தியைச் சும்மா மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். வால்வு நசுக்கும்போது அதோடு 220, 330, 440 என்று மேல் ஒலிகளும் பலமாகச் சேரும். 220 என்பது மேல் ஸட்ஜம். 330 என்பது அதற்கும் மேலே நிற்கும் பஞ்சமம். காதுக்கு ஒட்டும் உறவுகள்.

நம்ம தம்புராவில் ஒரு சின்ன நூலை குதிரைக்கும் தந்திக்கும் நடுவே வைத்து ‘ஜீவாளி’ பிடிப்பார்கள். நூல் சரியான இடத்துக்கு வந்ததும் சுருதி விரிந்து ரீங்காரம் எழும். தந்தி அதே தந்திதான், ஆனால் மேல் ஒலிகள் விழித்துக்கொள்கின்றன. ஆம்ப் செய்பவர் தேடுவதும் ஏறக்குறைய இதே விழிப்பைத்தான்.

ஆரம்ப கால ட்ரான்சிஸ்டர் ஆம்ப்கள் எல்லை தாண்டினால் அலையைக் கத்தியால் வெட்டியது போல் வெட்டிவிடும். காதைக் குத்தும் மேல் ஒலிகள் அதிகம் கிளம்பும். வால்வு கொஞ்சம் கொஞ்சமாக நசுக்கும். மெதுவாக வாசித்தால் சுத்தம், அழுத்தி வாசித்தால் கரகரப்பு. விரலின் அழுத்தம் சத்தத்தில் தெரியும். கிட்டார்காரர்கள் வால்வை விடாததற்கு முக்கியக் காரணம் இந்தப் பதில் சொல்லும் தன்மைதான்.

இது திட்டமிட்டு வந்ததும் அல்ல. 1951-ல் மெம்ஃபிஸ் நகரில் சாம் பிலிப்ஸின் ஸ்டுடியோவில் ‘ராக்கெட் 88’ பதிவானது. வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் வரும் வழியிலேயே அடிபட்டுவிட்டதாகவும், கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து அப்படியே பதிவு செய்ததாகவும் சொல்வார்கள். அந்தக் கரகரப்புதான் பாட்டின் அடையாளமே ஆனது. 1964-ல் லண்டனில் தி கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், தன் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறியே விட்டார். விபத்தாகக் கிடைத்ததை, வேண்டுமென்றே தேட ஆரம்பித்த காலம் அது.

அமெரிக்க சர்க்யூட், லண்டன் சத்தம்

டோன் என்பது ஏதோ ஒரு ரகசியப் பொருளில் இல்லை என்பதற்கு ஆம்ப் வரலாற்றிலேயே நல்ல சாட்சி இருக்கிறது.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். அவருடைய நிறுவனம் 1950-களின் இறுதியில் ‘பேஸ்மேன்’ என்ற ஆம்ப்பை விற்றது. பேஸ் கிட்டாருக்காகச் செய்தது. ஆனால் சாதாரண கிட்டார்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டனில் அமெரிக்க இறக்குமதிப் பொருளின் விலை கட்டுப்படி ஆகவில்லை.

மேற்கு லண்டனின் ஹான்வெல் பகுதியில் ஜிம் மார்ஷல் என்ற ட்ரம்ஸ் வாத்தியார் ஒரு இசைக்கருவிக் கடை நடத்தினார். அவரும், கடையில் ரிப்பேர் பார்த்த கென் பிரானும், டட்லி கிரேவன் என்ற இளைஞரும் பேஸ்மேன் சர்க்யூட்டைப் பார்த்து 1962-ல் சொந்தமாக ஒரு ஆம்ப் செய்யத் தொடங்கினார்கள். அதுதான் ‘ஜேடிஎம்45’. ஜேடிஎம் என்பதில் ஜிம்மின் பெயரும் அவர் மகன் டெர்ரியின் பெயரும் இருக்கின்றன.

சர்க்யூட் ஏறக்குறைய அதேதான். மாறியது சிலதான். முதல் வால்வாக பேஸ்மேனில் இருந்த 12ஏஒய்7-க்குப் பதில், அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெருக்கம் தரும் இசிசி83. கையில் கிடைத்த பிரிட்டிஷ் ட்ரான்ஸ்ஃபார்மர்கள். பின்பக்கம் திறந்த பெட்டியில் 10 இன்ச் ஸ்பீக்கர் 4-க்குப் பதில், முழுக்க மூடிய பெட்டியில் செலஸ்டியன் 12 இன்ச் ஸ்பீக்கர் 4. கொஞ்ச நாளில் வெளியீட்டு வால்வாக கேடி66-ம் வந்து சேர்ந்தது.

விளைவு? அமெரிக்க ஆம்ப்பின் பளிச்சென்ற சத்தம், லண்டனில் தடித்து உறுமும் சத்தமாக மாறியது. 1966-ல் ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் மார்ஷல் ஆம்ப்பை உச்சத்தில் வைத்து வாசித்தார். ராக் கிட்டாரின் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கே அது ஒரு அளவுகோலாகிவிட்டது.

நகல் எடுக்கப் போய் நாலு பாகத்தை மாற்றினார்கள். புதிய ஒரு சத்தம் பிறந்தது. கையால் ஆம்ப் செய்யும் எல்லோரும் இன்றும் செய்வது இதைத்தான்.

ஆம்ப்புக்குள் என்ன இருக்கு?

இதைப் புரிந்துகொள்ள எளிய உதாரணம் ஃபெண்டரின் 1950-களின் ‘சாம்ப்’. மொத்தமே 3 வால்வு. ஒரே ஒரு வால்யூம் குமிழ். சுமார் 5 வாட். கையால் ஆம்ப் கட்டிப் பழகுபவர்கள் பலரும் முதலில் கட்டுவது இதைத்தான்.

முதல் வால்வு 12ஏஎக்ஸ்7. பிரிட்டனில் இதற்குத்தான் இசிசி83 என்று பெயர். ஒரே குப்பிக்குள் இரண்டு பெருக்கிகள். கிட்டார் தரும் சின்ன வோல்டேஜை இவை இரண்டு தவணையாகப் பெரிதாக்கும்.

அடுத்து 6வி6 என்ற வெளியீட்டு வால்வு. ஸ்பீக்கரைத் தள்ளும் சக்தி இங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாவது 5ஒய்3. இது சிக்னலைத் தொடாது. ஏசி கரண்ட்டை டிசி ஆக்கும் ரெக்டிஃபையர்.

இவற்றோடு இரண்டு ட்ரான்ஸ்ஃபார்மர். ஒன்று பிளக் கரண்ட்டை வால்வுக்கு ஏற்ற வோல்டேஜாக மாற்றுகிறது. இன்னொன்று வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரகர் மாதிரி நிற்கிறது. வால்வு தருவது அதிக வோல்டேஜ், குறைந்த கரண்ட். ஸ்பீக்கர் கேட்பது குறைந்த வோல்டேஜ், அதிக கரண்ட். இரண்டுக்கும் ஒத்துப்போக வைப்பதுதான் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் வேலை. ஆம்ப்பில் விலை கூடிய பாகங்களில் இதுவும் ஒன்று.

கையால் கட்டுவது எப்படி?

பெரிய ஆலைகளில் இன்று பிரிண்ட் செய்த போர்டில் மெஷினே பாகங்களைப் பொருத்திவிடும். கையால் கட்டுபவர், கெட்டியான அட்டை போன்ற போர்டில் வரிசையாகப் பித்தளை முளைகளை அடித்து, ஒவ்வொரு ரெசிஸ்டரின் காலையும் வளைத்துச் சுற்றி ஈயம் பற்றவைப்பார். இப்படிச் செய்தால்தான் சத்தம் நன்றாக வரும் என்று சட்டமில்லை. நன்றாக வடிவமைத்த பிரிண்ட் போர்டிலும் அருமையான ஆம்ப் வரும். ஆனால் ஒரு வசதி உண்டு. எந்தப் பாகத்தையும் நொடியில் கழற்றி வேறு மதிப்பு போட்டுக் கேட்டுப் பார்க்கலாம். 30 வருஷம் கழித்து ரிப்பேர் செய்பவருக்கும் அது சுலபம்.

ஒயர் எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஏசி ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, சாசிஸ் ஓரமாக ஒதுக்கி வைப்பார்கள். இல்லையென்றால் ‘ம்ம்ம்...’ என்று இரைச்சல் வரும். உள்ளே வரும் சிக்னல் ஒயரும் வெளியே போகும் ஒயரும் பக்கத்தில் ஓடினால் ஆம்ப் தானாகவே கூவ ஆரம்பிக்கும்.

கட்டி முடித்த பிறகு அனுபவஸ்தர்கள் எடுக்கும் கருவி என்ன தெரியுமா? சீன உணவகத்தில் தரும் சாப்ஸ்டிக். மின்சாரம் கடத்தாத மரக்குச்சி. ஆம்ப் ஓடும்போதே ஒவ்வொரு ஒயரையும் குச்சியால் லேசாக நகர்த்திப் பார்த்து, எங்கே இரைச்சல் குறைகிறது என்று கேட்பார்கள். வால்வைத் தட்டிப் பார்த்து, ‘டங்’ என்று ஸ்பீக்கரில் கேட்டால் அந்த வால்வை முதல் இடத்திலிருந்து மாற்றிவிடுவார்கள்.

டோனை எங்கே பிடிக்கிறார்கள்?

இனிதான் உண்மையான வேலை. வெளியே இருக்கும் ட்ரெபிள், பேஸ் குமிழ்கள் கிட்டார்காரருக்கு. உள்ளே செய்பவருக்கென்று வேறு இடங்கள் இருக்கின்றன.

முதல் இடம், முதல் வால்வு. 12ஏஎக்ஸ்7-ன் பெருக்க எண் 100. அதே சாக்கெட்டில் பொருந்தும் 5751-க்கு 70. 12ஏஒய்7-க்கு 44. ஈயம் எதுவும் பற்றவைக்காமல் வால்வை மட்டும் மாற்றினாலே ஆம்ப் சீக்கிரம் கரகரக்குமா, தாமதமாகக் கரகரக்குமா என்பது மாறிவிடும்.

இரண்டாவது, வால்வின் காலடியில் இருக்கும் சின்ன கண்டன்சர். ஃபெண்டர் ஆம்ப்களில் இது வழக்கமாக 25 மைக்ரோஃபாரட். எல்லா ஒலிகளும் ஒரே அளவில் பெருகும். மார்ஷலின் பிற்கால ஆம்ப்களில் இது 0.68 மைக்ரோஃபாரட். அப்போது கீழ் ஒலிகளுக்குப் பெருக்கம் குறையும், நடு ஒலியும் மேல் ஒலியும் முன்னுக்கு வரும்.

மூன்றாவது, ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு சிக்னலைக் கடத்தும் கண்டன்சர். அதிக டிசி வோல்டேஜைத் தடுத்து சிக்னலை மட்டும் விடுவது இதன் வேலை. இதன் மதிப்பு குறைந்தால் பேஸும் குறையும்.

நான்காவது, டோன் கண்ட்ரோல் சர்க்யூட். ஃபெண்டரின் 1960-களின் ஆம்ப்களில் இது நடு ஒலியைப் பள்ளம் மாதிரி குறைத்துவிடும். சத்தம் பளிங்கு போல் இருக்கும். மார்ஷலில் பள்ளம் ஆழமில்லை. சத்தம் நெஞ்சில் முட்டும். வித்தியாசம் சில கண்டன்சர், ரெசிஸ்டர் மதிப்புகளில்தான்.

ஐந்தாவது, ரெக்டிஃபையர். 5ஒய்3 போன்ற வால்வு போட்டால், பலமாக மீட்டும்போது வோல்டேஜ் கொஞ்சம் தொய்ந்து பிறகு மீளும். சத்தமும் அமுங்கி எழும். சிலிக்கான் டயோடு போட்டால் அந்தத் தொய்வு இருக்காது. அடி உடனே விழும். ப்ளூஸ் வாசிப்பவர் முதலாவதைக் கேட்பார். வேகமான ரிஃப் வாசிப்பவர் இரண்டாவதைக் கேட்பார்.

ஆறாவது, எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்கும் ஸ்பீக்கர். கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகக் குறைந்துவிடும். காதைக் குத்தும் மேல் ஒலிகளை அதுவே வடிகட்டுகிறது. ஆம்ப் பிடிக்கவில்லை என்பவர் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வரிசைதான் ரகசியம்

இந்த ஆறையும் தெரிந்துகொண்டால் போதுமா? போதாது. எதை எந்த இடத்தில் செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பேஸைக் குறைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கரகரப்பு உண்டாகும் இடத்துக்கு முன்னாலேயே குறைத்தால், வால்வு நசுக்குவது நடு ஒலியையும் மேல் ஒலியையும். சத்தம் இறுக்கமாக, ஒவ்வொரு ஸ்வரமும் தனியாகக் கேட்கும். கரகரப்புக்குப் பின்னால் குறைத்தால், பேஸ் ஏற்கெனவே எல்லாவற்றையும் குழப்பிவிட்டிருக்கும். சேற்றில் கால் வைத்த மாதிரி கொழகொழப்பு. அதைப் பிறகு வடிகட்டவே முடியாது.

மேல் ஒலிக்கு நேர்மாறு. முன்னால் தாராளமாக விட்டு, கரகரப்பு உண்டான பிறகு கொஞ்சம் செதுக்கினால் காது வலிக்காது.

கண்டன்சர் அதே கண்டன்சர். ஒரு இடம் முன்னே பின்னே போனால் சத்தமே வேறு. அதனால்தான் நல்ல பில்டர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றுவார். கேட்பார். குறித்து வைப்பார். பிறகுதான் அடுத்தது.

‘இந்த பிராண்டு கண்டன்சர் போட்டால்தான் அந்த டோன் வரும்’ என்ற பேச்சும் நிறைய உண்டு. மதிப்பு மாறினால் எல்லோருக்கும் கேட்கும். பிராண்டு மாறினால் வாக்குவாதம்தான் கேட்கும். காசைச் செலவழிக்கும் முன் இதை நினைவில் வைப்பது நல்லது.

‘பயாஸ்’ கணக்கு என்ன?

பெரிய ஆம்ப்களில் வெளியீட்டு வால்வுகள் ஜோடியாக வேலை செய்யும். யாரும் வாசிக்காமல் சும்மா இருக்கும்போது அவற்றின் வழியாக எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்று வைப்பதுதான் பயாஸ். பைக்கில் ஐடிலிங் வைப்பது போல.

கணக்கு கஷ்டமில்லை. 6எல்6ஜிசி வால்வு தாங்கும் அளவு 30 வாட். பில்டர்கள் அதில் 70 சதவீதத்தை மேல் எல்லையாக வைப்பார்கள். அதாவது 21 வாட். தகட்டில் 420 வோல்ட் இருந்தால், 21-ஐ 420-ஆல் வகுத்தால் 0.05 ஆம்பியர். ஒரு வால்வுக்கு 50 மில்லிஆம்பியர்.

இதைவிட மிகக் குறைவாக வைத்தால் சத்தம் மெலிந்து கரடுமுரடாகும். அதிகமாக வைத்தால் வால்வின் தகடு சிவக்க ஆரம்பிக்கும். சிவந்த தகடு என்றால் வால்வுக்கு ஆயுள் கொஞ்சம்தான். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். எல்லைக்குள் எங்கே வைப்பது என்பதைக் கடைசியில் மீட்டர் சொல்லாது, காதுதான் சொல்லும்.

கவனம்: பிளக்கைப் பிடுங்கினாலும் ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். வால்வு ஆம்ப்புக்குள் 300 முதல் 500 வோல்ட் டிசி ஓடும். வீட்டு பிளக்கில் வரும் 230 வோல்ட்டைவிட அதிகம். ஆளைக் கொல்லப் போதுமானது.

இன்னொரு விஷயம், பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய ஃபில்டர் கண்டன்சர்களில் அந்த வோல்டேஜ் தேங்கி நிற்கலாம். தெரிந்தவர்கள் முதலில் ரெசிஸ்டர் வைத்த கிளிப் ஒயரால் அதை வடிப்பார்கள். பிறகு மல்டிமீட்டரில் அளந்து, பூஜ்யத்துக்குப் பக்கம் வந்த பின்தான் கை வைப்பார்கள். ஸ்க்ரூ ட்ரைவரால் ஷார்ட் செய்வது தவறான பழக்கம்.

ஆம்ப் ஓடும்போது அளக்க வேண்டி வந்தால் ஒரு கையை பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும் என்பதால்தான் இந்த விதி. புதிதாகக் கட்டிய ஆம்ப்பை முதல் முறை ஆன் செய்யும்போது, நம்ம எலக்ட்ரீஷியன்கள் பயன்படுத்தும் சீரிஸ் லேம்ப்பில் இணைத்துத்தான் போட வேண்டும். பல்பு பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஆன் செய்து வாசிக்கக் கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தரும் ஆம்ப்புக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 120-க்கு மட்டும் செய்ததை நேரடியாகச் சொருகினால் ஆம்ப் காலி. ஸ்டெப் டவுன் போட்டாலும், 60 ஹெர்ட்ஸுக்கென்றே அளவாகச் செய்த ட்ரான்ஸ்ஃபார்மர் 50-ல் கூடுதலாகச் சூடாகும். பின்னால் ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டு பிளக்கைத் தொடுங்கள்.

லட்சங்கள் எதற்கு?

கலிஃபோர்னியாவில் ஆம்ப் செய்த அலெக்ஸாண்டர் டம்பிள் 2022 ஜனவரியில் காலமானார். அவர் வாழ்நாளில் செய்தவை சுமார் 300 ஆம்ப்கள்தான் என்று கணிக்கிறார்கள். ராபன் ஃபோர்டு, லாரி கார்ல்டன், ஸ்டீவி ரே வான் போன்றவர்கள் அவருடைய ஆம்ப்பில் வாசித்தவர்கள். இன்று 1 லட்சம் டாலருக்கு மேல் போவது இவருடைய ஆம்ப்கள்தான்.

மற்றவர்கள் பார்த்து நகல் எடுக்காமல் இருக்க, சர்க்யூட்டின் ஒரு பகுதியை எபாக்ஸி பசை ஊற்றி மூடிவிடுவார் டம்பிள். ஆனாலும் பின்னாளில் பலர் பசையைச் சுரண்டி சர்க்யூட்டைப் படித்துவிட்டார்கள். உள்ளே மந்திரப் பொருள் எதுவும் இல்லை. ஃபெண்டர் வழி வந்த சர்க்யூட்தான், நுணுக்கமான மாற்றங்களோடு.

அவர் செய்தது வேறு. ஒரு ஆம்ப்பை ஒரு ஆளுக்காகச் செய்தார். வாசிப்பவரின் கையைக் கேட்டு, அந்தக் கைக்கு ஏற்ப மதிப்புகளை மாற்றினார். தையல்காரர் அளவெடுத்துத் தைப்பது மாதிரி. சட்டையின் பேட்டர்ன் கிடைக்கலாம். அளவெடுத்த கை கிடைக்காது.

நியூ ஜெர்சியில் ‘ட்ரெய்ன்ரெக்’ ஆம்ப்களைச் செய்த கென் ஃபிஷரும் அப்படித்தான். 2006-ல் மறைந்த இவர், தன் ஆம்ப்களுக்கு சீரியல் நம்பருக்குப் பதிலாகப் பெண்களின் பெயர்களை வைத்தார். அவரைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் தனி ஆள்.

வால்வே கிடைக்காமல் போனால்?

கை இருக்கிறது, காது இருக்கிறது. வால்வு வேண்டுமே? இங்கேதான் சிக்கல்.

ஒரு காலத்தில் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் என்று எங்கும் வால்வு ஆலைகள் இருந்தன. பெங்களூருவில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. இன்று கிட்டார் ஆம்புக்கான வால்வுகள் பெரும்பாலும் வருவது 3 நாடுகளிலிருந்து. ரஷ்யாவின் சராட்டோவ் நகரில் ஒரு ஆலை. ஸ்லோவாக்கியாவின் சாட்சா ஊரில் ஜேஜே நிறுவனம். பிறகு சீனா.

கடையில் பத்து பிராண்டு பெயர் பார்க்கலாம். சோவ்டெக், எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ், டங்-சால், மல்லார்ட் என்று வேறு வேறு பெயரில் விற்பவை எல்லாம் அதே சராட்டோவ் ஆலையில் இருந்து வந்தவை.

2022 மார்ச்சில் இது எவ்வளவு மெல்லிய நூல் என்று தெரிந்தது. உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களில் ரஷ்யா 200-க்கும் மேற்பட்ட பொருட்களின் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சராட்டோவ் வால்வுகளும் சிக்கின. ஆர்டர் எடுப்பது நின்றது. பயந்தவர்கள் வாங்கிக் குவித்தார்கள். விலை எகிறியது. பின்னர் அனுப்ப அனுமதி கிடைத்தாலும், ரஷ்யப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி சேர்ந்துகொண்டது.

சின்ன பட்டறைக்காரருக்கு இது பெரிய அடி. கிட்டார் வாசிப்பவருக்கும்தான். ஏனென்றால் வால்வு தேயும் பொருள். அதிகம் வாசிப்பவர் வெளியீட்டு வால்வுகளைச் சில ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

டிஜிட்டல் வந்த பிறகும் இது தேவையா?

நியாயமான கேள்வி. இன்று கையடக்கக் கருவி ஒன்று நூறு ஆம்ப்களின் சத்தத்தைத் தருகிறது. எடை குறைவு. ஹெட்போனில் வாசிக்கலாம். அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். பதிவில் கேட்டால் பலருக்கு வித்தியாசமே தெரியாது. முதன்முதலாகக் கற்பவருக்கு அதுவே சரியான தேர்வு.

ஆனால் அந்தக் கருவி நகலெடுப்பது எதை? 1950, 60-களில் ஃபுல்லர்டனிலும் ஹான்வெல்லிலும், பிறகு டம்பிள் போன்றவர்களின் பட்டறைகளிலும் யாரோ ஒருவர் ஒரு ரெசிஸ்டரைக் கழற்றி இன்னொன்றைப் போட்டு, ‘இது பரவாயில்லையே’ என்று நிறுத்திய இடத்தைத்தான். நகலெடுக்க ஒரு அசல் வேண்டும். புதிய அசல் வர வேண்டுமென்றால், யாராவது இன்னமும் பட்டறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மொத்தத்தில், டோன் என்பது ஒரு பழைய வால்விலோ, விலை கூடிய கண்டன்சரிலோ ஒளிந்திருக்கும் மந்திரம் அல்ல. சின்னச் சின்ன முடிவுகளின் கூட்டுத்தொகை. சர்க்யூட் வரைபடம் எல்லோருக்கும் கிடைக்கும். பாகமும் காசு கொடுத்தால் கிடைக்கும். எந்த மதிப்பில் நிறுத்துவது என்று தெரிந்த காதுதான் குறைவு.